மெட்ரோ நிலையம் வந்தும் சில இடங்களில் மட்டும் ஏன் கடைகளும் அலுவலகங்களும் பெருகுவதில்லை?

பெரும்பாலும் நிலையத்தைச் சுற்றியுள்ள 500 மீட்டரில்தான் கோளாறு. முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் இடம் தேடும்போது, வீட்டு வாசலிலிருந்து அரை மணி, முக்கால் மணிக்குள் எத்தனை பேர் அங்கே வந்துசேர முடியும் என்று பார்க்கும். அரை மணிப் பயணத்தில் இரு முனையிலும் 8 நிமிட நடை. பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். ரயிலுக்குள் இருக்க மிஞ்சுவது 9 நிமிடம்தான். மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் அது சுமார் 5 கி.மீ. நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடினால் அதே அரை மணியில் 7 கி.மீ. போகலாம். புதுத் தடம் போடாமலே ஆள் கிடைக்கும் எல்லை விரிகிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

நடை 8 நிமிடத்திலிருந்து 14 ஆனால் இந்த லாபம் முழுக்கப் போய்விடும். எட்டு வழிச் சாலையின் நடுவே நிலையம், ஒரே பக்கம் படிக்கட்டு, சுற்றிலும் வாகன நிறுத்தம் என்றிருந்தால் அதுதான் நடக்கும். கட்டட விதியும் முக்கியம். பிரேசிலின் குரிட்டிபா நகரில் பெரும்பாலும் விரைவுப் பேருந்துத் தடத்தை ஒட்டியே உயரமான கட்டடங்களுக்கு அனுமதி தந்தார்கள்; தொழில் அங்கேயே திரண்டது.

லண்டனின் பழைய கப்பல்துறைப் பகுதியான கேனரி வார்ஃபில் இது தலைகீழாக நடந்தது: கட்டடம் முதலில், மெட்ரோ பிறகு. சரக்குப் பெட்டகக் கப்பல்களுக்குப் பரந்த முற்றமும் ஆழமான நீரும் வேண்டும். அதனால் நகருக்குள் இருந்த பழைய கப்பல்துறைகள் 1981-க்குள் மூடப்பட்டன. அங்கே அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. ஆனால் ரயில் என்று இருந்தது ஓர் இலகு ரயில் மட்டும்தான். கட்டிய நிறுவனம் 1992-இல் திவாலானது. சொத்துச் சந்தைச் சரிவும் காரணம் என்றாலும், போக்குவரத்துக் குறை பெரும் அடி. ஜூபிலி என்ற மெட்ரோ தடம் அங்கே வந்தது 1999-இல்தான்.

கிடங்குகளுக்கு இந்தக் கணக்கே வேறு. லாரி திரும்ப இடமும் மலிவான நிலமும் வேண்டும் என்பதால் அவை சுற்றுச்சாலைச் சந்திப்புகளில்தான் குவியும்.

வரப்போகும் நிலையத்தை நம்பிக் கடை எடுப்பவர்கள், வாயில் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். அறிவிப்பு வந்தவுடனே வாடகை ஏறிவிடும். வாடிக்கையாளரோ ரயில் ஓடிய பிறகுதான் வருவார். நடுவில் பல ஆண்டுகள் தடுப்பு வேலி கடையை மறைக்கும். பணி முடியும்வரை குறைந்த வாடகை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.