மகள் அலுமினிய வெல்டிங் படிக்கட்டுமா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா.

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், டிக் வெல்டிங்தான் கற்றுக்கொள்வேன், அதுவும் அலுமினியத்தில் என்று சொல்கிறாள். இரவில் தூங்காமல் அந்த வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண் கெட்டுவிடுமோ, நுரையீரல் கெட்டுவிடுமோ, நாளைக்கு ரோபோ வந்து அந்த வேலையையும் எடுத்துக்கொள்ளுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். பெற்ற மனதுக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், நீங்கள் மனதில் வைத்திருப்பது வேறு வெல்டிங் என்று தோன்றுகிறது.

தீப்பொறி பறக்க, புகை மண்ட, இரும்புக் கம்பியை ஒட்டும் காட்சிதான் நமக்கெல்லாம் பழக்கம். டிக் வெல்டிங்கில் பொறி அநேகமாக இருக்காது. ஒரு கையில் டார்ச். அதன் முனையில் பென்சில் போலச் சீவிய டங்ஸ்டன் கம்பி. அது உருகாமல் மின்பொறியை மட்டும் தாங்கும். சுற்றிலும் ஆர்கான் வாயு வந்து காற்றை விலக்கி நிற்கும். இன்னொரு கையில் மெல்லிய ஃபில்லர் ராடு, இணைப்பில் உருகிச் சேரும் உலோகக் குச்சி. காலடியில் பெடல், கார் ஆக்ஸிலரேட்டர் மாதிரி. மின்சாரம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கால்தான் தீர்மானிக்கும். இரண்டு கை, ஒரு கால், கண், நாலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும். தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இந்த முறையே விமானத்துக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த ரஸ்ஸல் மெரிடித் என்பவர் இதற்கு 1942-ல் காப்புரிமை பெற்றார். மெக்னீசியம் போன்ற இலேசான உலோகங்களை மற்ற முறைகளில் ஒழுங்காக இணைக்க முடியவில்லை. அப்போது ஆர்கானுக்குப் பதில் ஹீலியம் பயன்படுத்தினார்கள்.

சரி, அலுமினியத்தில் என்ன அவ்வளவு சிரமம்? அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் அதன் மேல் தானாகவே படியும் ஆக்ஸைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் தண்ணீராகிக் கிடக்கும், மேலே தோல் மட்டும் கிழியாமல் நிற்கும். இதற்காகத்தான் ஏ.சி. மின்சாரம், அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். அலை ஒரு பக்கம் திரும்பும்போது படலத்தை உடைத்துச் சுத்தம் செய்யும், மறுபக்கம் திரும்பும்போது உலோகத்துக்குள் சூட்டை இறக்கும். இன்றைய இன்வெர்ட்டர் மெஷின்களில் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் என்று திருகி வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சூடு இறங்கும் பக்கத்துக்கு 70 சதவீதத்தை ஒட்டி வைப்பார்கள். சுத்தம் செய்யும் பக்கத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் டங்ஸ்டன் முனையே உருண்டு கெட்டுப்போகும்.

அடுத்தது, நிறம். இரும்பு சூடேறினால் சிவக்கும், ஆரஞ்சாகும், வெளுக்கும். கண்ணுக்கு முன்னறிவிப்பு கிடைக்கும். அலுமினியம் அப்படி எதையும் காட்டாது. வெள்ளியாகவே இருக்கும், இருந்தாற்போல் பளபளவென்று கண்ணாடி போல் உருகிய உலோகம் ஒரு சிறு குட்டையாகத் தோன்றும், ஒரு நொடி தாமதித்தால் ஓட்டை விழுந்துவிடும். அதோடு இந்த உலோகம் இரும்பைவிட நாலைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆரம்பத்தில் எவ்வளவு சூடு கொடுத்தாலும் போதாது. பாதி தூரம் போவதற்குள் மொத்தத் துண்டும் சூடேறியிருக்கும், அதே மின்சாரம் இப்போது அதிகம். 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஏறக்குறைய 120 ஆம்பியரில் தொடங்கி, போகப் போகக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. குட்டையின் அகலத்தைப் பார்த்துக் கால் தானாகச் சொல்ல வேண்டும். கடைசியில் சட்டென்று காலை எடுத்தால் நடுவில் குழி விழுந்து, அங்கிருந்தே விரிசல் தொடங்கும். அதனால் ராடு கொடுத்துக்கொண்டே மெல்ல இறக்க வேண்டும். அணைந்த பிறகும் வாயு நிற்கும்வரை டார்ச்சை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும்.

ஒருமுறை அனுபவமுள்ள ஒரு வெல்டரின் அருகில் நானும் ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். அந்தச் சிறு குட்டை ஒரு அரிசி அளவு நகரும், ராடு ஒரு முறை தொடும், மறுபடி நகரும். தொடும் இடைவெளி மாறவே இல்லை. அவர் மூச்சு விடுவதும் அதே தாளத்தில் இருந்தது. முடிந்ததும் பார்த்தால், காசுகளைச் சரித்து அடுக்கிய மாதிரி வரிசை. அதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. உங்கள் மகள் வீடியோவில் பார்த்து மயங்கியது அந்த வரிசையில்தான் இருக்கும்.

இங்கேதான், ஐயா, உங்களிடமும் அவளிடமும் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்த அழகை மட்டும் நம்ப வேண்டாம். மேலே காசு அடுக்கிய மாதிரி இருக்கும், அடியில் இரண்டு தகடும் சேராமலே இருக்கும். அல்லது உள்ளே ஊசிக்குத்து போல நூறு துளைகள் இருக்கும். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நிறையக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறைந்ததும் அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் அதற்குள் தங்கும். வெளியேற நேரமில்லாத வாயு குமிழியாக உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? தகட்டில் விரல் பட்ட எண்ணெயில் இருந்து, ஈரமான ராடில் இருந்து, பழைய ஆக்ஸைடு உறிஞ்சி வைத்த ஈரத்தில் இருந்து. அதனால் வேலை தொடங்கும் முன் அசிட்டோனால் துடைத்து, அது முழுக்க ஆவியானதும் அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷால் தேய்ப்பார்கள். வரிசை மாறக் கூடாது. முதலில் தேய்த்தால் எண்ணெயைப் பிரஷே உலோகத்துக்குள் அமுக்கிவிடும்.

பட்டறையில் நல்ல ஆசிரியர் என்ன செய்வார் தெரியுமா? மாணவர் பெருமையோடு நீட்டும் துண்டை வாங்கி, குறுக்கே அறுப்பார். வெட்டிய முகத்தை மெருகேற்றி, ரசாயனம் தடவி, எவ்வளவு ஆழம் சேர்ந்திருக்கிறது என்று காட்டுவார். இன்னொரு துண்டை வளைத்துப் பார்ப்பார். விரிந்து பிளந்தால் அன்றைய வேலை குப்பைக்கு. அழகான ஒன்றைத் தன் கையாலேயே அறுத்துப் பார்க்கும் மனசு உங்கள் மகளுக்கு இருக்கிறதா? என் கணக்கில் இந்தத் தொழிலுக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான். கை நடுங்காமல் இருப்பது பழக்கத்தில் வந்துவிடும்.

'நன்றாகப் படிக்கிற பிள்ளை' என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். அந்தப் படிப்பு இங்கே வீணாகாது. உதாரணத்துக்கு 6061 என்ற கலவையை ராடு சேர்க்காமல் உருக்கினால் சூட்டிலேயே விரிசல் விடும். 5 சதவீத சிலிக்கான் உள்ள 4043 ராடு கொடுத்தால் விரிசல் அடங்கும், ஆனால் பின்னால் அனோடைஸ் செய்யும்போது (மின்சாரத்தால் மேலே ஆக்ஸைடு பூச்சு ஏற்றுவது) அந்தக் கோடு மட்டும் கருத்துப்போகும். மெக்னீசியம் கலந்த 5356 ராடில் நிறம் ஒத்துப்போகும், வலுவும் கூடுதல். ஆனால் தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்கும் பாகத்துக்கு அது கூடாது. விமானங்களில் வரும் 7075-ஐ இந்த முறையில் இணைக்கவே வேண்டாம் என்பார்கள். பதப்படுத்திய 6061-டி6 தகட்டின் இழுவலிமை ஏறக்குறைய 310 மெகாபாஸ்கல். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் 165 என்றுதான் வடிவமைப்பாளர்கள் கணக்கு வைப்பார்கள். வேதியியலும் கணக்கும் தெரிந்த பெண் இதையெல்லாம் காரணத்தோடு புரிந்துகொள்வாள். மேலே போய் வெல்டிங் ஆய்வாளராகவோ வெல்டிங் பொறியாளராகவோ மாறும் வழியும் அவளுக்குத் திறந்தே இருக்கும்.

இனி உங்கள் பயங்கள். கண்ணைப் பற்றிய பயம் நியாயமானது. இந்த ஒளியில் புற ஊதாக் கதிர் மிக அதிகம், பளபளப்பான அலுமினியம் அதைத் திருப்பியும் அடிக்கும். ஹெல்மெட் இல்லாமல் பார்த்துவிட்டால் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணலைக் கொட்டிய மாதிரி இருக்கும். கழுத்தும் முன்கையும் வெயிலில் வெந்தது போல் எரியும். 10 முதல் 13 வரை நிழல் எண் (எண் கூடக் கூட ஒளியை அதிகம் மறைக்கும்) கொண்ட கண்ணாடி, மூடிய சட்டை, கையுறை இருந்தால் இதைத் தடுத்துவிடலாம். புகை குறைவு என்பதால் காற்றோட்டம் வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. இந்தக் கதிர் காற்றில் ஓசோனை உண்டாக்கும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, தொட்டி போன்ற மூடிய இடத்தில் அடியில் தங்கி மூச்சை நிறுத்திவிடும். டங்ஸ்டனில் தோரியம் கலந்த வகை கதிரியக்கம் உள்ளது, அதைச் சாணை பிடிக்கும் தூசி உடம்புக்குள் போகக் கூடாது. லாந்தனம் கலந்ததை வாங்கினால் அந்தத் தொல்லையே இல்லை. இன்னொன்றை அவள் மனதில் ஆழமாகப் பதிய வையுங்கள்: குளோரின் கலந்த துப்புரவுத் திரவங்களை, சிலவகை பிரேக் கிளீனர் உட்பட, வெல்டிங் செய்யும் பொருளின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. அந்த ஆவியில் மின்பொறி பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற கொல்லும் வாயு உண்டாகும்.

ரோபோ விஷயத்தில் உங்களுக்கு முழு ஆறுதல் சொல்ல முடியாது. ஒரே மாதிரி ஆயிரம் துண்டு செய்யும் வேலை இயந்திரத்துக்குத்தான் போகும். நீளமான நேர்கோட்டு இணைப்புகளுக்கு, 1991-ல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்த உராய்வு முறை வந்துவிட்டது. அதில் உலோகம் உருகுவதே இல்லை. மனிதக் கை நிற்பது வேறு இடங்களில்: குழாயோடு குழாய் கோணலாகச் சேரும் முடிச்சு, பந்தயக் காரின் பாகம், சைக்கிள் சட்டம், படகு, வெற்றிட அறை, மாதிரிக்காகச் செய்யும் முதல் பொருள், வெடித்துப்போன வார்ப்பைப் பழுது பார்ப்பது. ஒவ்வொன்றும் வேறு வடிவம், வேறு அழுக்கு. அதனால் அவள் ஒரே ஒரு இணைப்பில் வேகமாக இருப்பதைவிட, எல்லா நிலையிலும், தலைக்கு மேலேயும்கூட, கை வருமாறு பழகுவது நல்லது.

சான்றிதழைப் பற்றி: அலுமினிய வெல்டர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 9606-2 என்ற உலகத் தரம் இருக்கிறது. அமெரிக்க முறையில், அந்நாட்டு வெல்டிங் சங்கத்தின் ஏ.டபிள்யூ.எஸ். டி1.2. இரண்டிலும் தகுதி என்பது ஒருமுறை வாங்கி மாட்டிவைக்கும் பட்டம் இல்லை. 6 மாதத்துக்கு மேல் அந்த வேலையைத் தொடாமல் இருந்தால் போய்விடும். இரும்பில் தேறியவர் அலுமினியத்துக்குத் தனியாகத் தேற வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பணம் கட்டும் முன் அவளோடு பயிற்சி மையத்துக்கு ஒரு நாள் நேரில் போங்கள். சுவரில் மாட்டிய படங்களைப் பார்க்க வேண்டாம், குப்பைத் தொட்டியைப் பாருங்கள். குறுக்கே அறுத்த துண்டுகளும் வளைத்துப் பார்த்த துண்டுகளும் அதில் கிடந்தால் நல்ல இடம். ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் டார்ச் கையில் கிடைக்கும், ஏ.சி. டிக் மெஷின் எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். முதலில் இரும்பில் டிக் பழக்கிவிட்டு அப்புறம் அலுமினியத்துக்கு வருவார்களா என்றும் கேளுங்கள். எனக்கு அந்த வரிசைதான் சரியென்று படுகிறது. இரும்பு பொறுமையானது, தவறைத் தாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கும்.

சேர்ந்த பிறகு மூன்று மாதம் கொடுங்கள். அதுவரை அழகாக ஒன்றும் வராது, வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். மூன்றாம் மாத முடிவில் அவள் செய்த ஒரு துண்டைக் கொண்டுவரச் சொல்லி, நடுவில் அறுத்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். இங்கே சேரவில்லை, இது இன்ன காரணத்தால், அடுத்ததில் இப்படி மாற்றப் போகிறேன் என்று அவளே சொன்னால் தொடரட்டும். அறுக்கவே மனம் வராமல் மேலிருக்கும் வரிசையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். அவளையும் உட்கார வைத்து, மூவருமாகப் பேசுவோம்.