மோனோ கேமராவுக்கு எந்த ஃபில்டர் வாங்குவது? கேள்வி பதில்

ஐப்பசி, கார்த்திகை மேகமெல்லாம் கலைந்து, தை வானம் தெளிந்ததும், மோனோ கேமராவில், அதாவது நிறம் பிரிக்காமல் கறுப்பு-வெள்ளையில் எடுக்கும் கேமராவில், இரவு வானத்தைப் படமெடுப்பவர்களின் கேள்விகள் குவிந்துவிட்டன. மன்னார்குடியில் மொட்டைமாடியில் கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து: அண்ணே, கலர் கேமராவை விற்று மோனோ வாங்கிவிட்டேன். வீடு கடைத்தெருவில். ஏழு ஃபில்டர் சேர்ந்த செட்டை வாங்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒன்று மட்டும் வாங்குங்கள், அதை நல்லதாக வாங்குங்கள். நெபுலாவில், அதாவது விண்வெளி வாயு மேகத்தில், உள்ள ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. 7 நானோமீட்டர் அகல ஃபில்டர் அந்த இடத்தில் ஒரு சின்னக் கீற்றை மட்டும் உள்ளே விடும். கடைத்தெரு எல்இடி வெளிச்சம் நீலத்திலிருந்து சிவப்பு வரை பரவியிருப்பதால், அதில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை மட்டும் வெட்டும் ஃபில்டர்கள் உண்டு. எல்இடி தெருவில் அவை எடுபடாது.

கலர் கேமராவில் நாலு பிக்ஸலில் ஒன்றுதான் சிவப்பு வாங்கும், மோனோவில் நாலும் வாங்கும். மோனோவுக்கு மாறியதன் முழுப் பலன் இங்கேதான் கிடைக்கிறது. ஒரு மாசிமகத்தன்று, முழுநிலா கிழக்கே ஏறிக்கொண்டிருந்தபோது, உச்சியில் இருந்த ரோசெட் நெபுலாவை எடுத்தேன். ஐந்து நிமிட ஒற்றை ஃப்ரேமிலேயே, நடுவில் ஓட்டையோடு அந்த வளையம் திரையில் தெரிந்தது. கீழே தெருவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்து ஆக்ஸிஜன், அதாவது ஓ-3, 500.7 நானோமீட்டர். நிலவொளி இதைக் கூடுதலாகப் பாதிக்கும் என்பதால் நிலா இல்லாத இரவுகளை இதற்கு ஒதுக்குங்கள். பிரகாசமான விண்மீனைச் சுற்றி ஒளிவட்டம் விழும் தொல்லை மலிவான ஓ-3 ஃபில்டரில்தான் அதிகம், சிக்கனத்தை இதில் காட்டாதீர்கள். 672 நானோமீட்டரை ஒட்டி வரும் கந்தக ஃபில்டர் கடைசியாக வரட்டும்.

திருவாரூரிலிருந்து: ஃபில்டர் அளவு ஒன்றேகால் இன்ச் போதுமா, 36 மில்லிமீட்டர் வேண்டுமா?

சென்சாரின் மூலைவிட்டத்தைப் பாருங்கள். 533 என்கிற சின்னச் சதுரச் சென்சாருக்கு அது 16 மில்லிமீட்டர், ஒன்றேகால் இன்ச் தாராளம். ஏபிஎஸ்-சி என்கிற பெரிய சென்சார் என்றால் 28 மில்லிமீட்டர், அதற்கு 36 வேண்டும். காசை மிச்சம் பிடிக்கப் போய் நான் சின்னதை மாட்டினேன். நாலு மூலையும் கறுத்துவிட்டது, கடைசியில் இரண்டு முறை செலவு.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: 135 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/2-ல், அதாவது அகலமாகத் திறந்து வைத்து எடுக்கிறேன். 3 நானோமீட்டர் ஃபில்டர் வாங்கலாமா சார்?

அப்படியே திறந்து வைத்தால் ஏமாற்றம்தான். அகலமாகத் திறந்த லென்ஸில் ஒளி சாய்ந்து விழும். சாய்ந்த ஒளிக்கு ஃபில்டரின் கீற்று நீலப் பக்கம் நகர்ந்துவிடும், நமக்கு வேண்டிய ஹைட்ரஜன் ஒளி விளிம்பில் அடிபடும். எஃப்/4-க்கு மூடி எடுங்கள். இல்லையென்றால் 6, 7 நானோமீட்டர் ஃபில்டரோ, வேகமான லென்ஸுக்கென்றே செய்ததோ வாங்குங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீல மூட்டம் ஹைட்ரஜன் ஃபில்டரில் வரவே இல்லையே?

வராது. அந்த மூட்டம் தானாக ஒளிரும் வாயு அல்ல, விண்மீன் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் தூசி. அதற்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வேண்டும், இருட்டான வானமும் வேண்டும். எல் என்கிற லூமினன்ஸ் ஃபில்டர் எல்லா வெளிச்சத்தையும் அள்ளுவதால் ஊருக்குள் நான் அதைத் தொடுவதே இல்லை. கோடியக்கரைப் பக்கம் போனால் முதலில் எடுப்பது அதைத்தான். தெற்கே கடல் இருட்டு, பங்குனி இரவில் ஒமேகா சென்டாரி என்கிற விண்மீன் கொத்து அங்கே 32 பாகை உயரத்துக்கு ஏறும். வட இந்திய நண்பர்களுக்கு இவ்வளவு உயரத்தில் கிடைக்காது. ஆனால் காற்றில் உப்பு இருக்கும். ஃபில்டர்களை மாற்றித் தரும் சக்கரத்தை வீட்டிலேயே கேமராவில் மாட்டிக்கொண்டு போங்கள், அங்கே திறக்க வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து: படமெல்லாம் வட்டம் வட்டமாகக் கறை. ஃபில்டர் கெட்டுவிட்டதா?

இல்லை, தூசிதான். பெரிய வட்டம் என்றால் ஃபில்டர் மேல், சின்ன வட்டம் என்றால் சென்சாருக்குப் பக்கத்தில். கேமராவைத் திருப்பாமல், ஃபோகஸை மாற்றாமல் ஃப்ளாட் எடுங்கள், அதாவது கறையைப் படத்திலிருந்து கழிக்க உதவும், சீரான வெளிச்சத்தின் படம். சூரியன் எழுமுன் வெள்ளை வேட்டியை நாலாக மடித்து, டெலஸ்கோப் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, உச்சி வானத்தைப் பார்க்க வையுங்கள். முதலில் எல் ஃபில்டர், அப்புறம் மூன்று நிறங்கள். வெளிச்சம் கூடக்கூடக் கடைசியாக ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். ஒவ்வொன்றுக்கும் 20 ஃப்ரேம், தனித்தனியாக. ஒன்றின் ஃப்ளாட் இன்னொன்றுக்கு உதவாது.

நாகப்பட்டினத்திலிருந்து: மழைக்காலத்தில் ஃபில்டரை எப்படி வைப்பது?

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். பனி படிந்த ஃபில்டரைத் துடைக்காதீர்கள், தானாக உலரட்டும்.