விலையைக் குறைத்தால் வேலை வந்துவிடுமா?

வணக்கம் ஐயா,

நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். பிறையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, அம்மாவைக் கவனித்துக்கொள்வதற்காக வேலையை விட்டேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் நன்றாக வரும் என்பதால் வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கலாம் என்று அப்வொர்க், ஃபைவர் ஆகிய இரண்டு இணைய வேலைத் தளங்களிலும் பதிந்துகொண்டேன். கண்ணில் படும் வேலைகளுக்கெல்லாம் விண்ணப்பிக்கிறேன், பதிலே வருவதில்லை. கட்டணத்தை மணிக்கு 3 டாலராகக் குறைத்தும் பயனில்லை. ஒருவர் டெலிகிராமுக்கு வரச் சொல்லி, வேலையைத் தொடங்க 300 வெள்ளி முன்பணம் கேட்டார். கட்டவில்லை, ஆனால் நல்ல வாய்ப்பை விட்டுவிட்டேனோ என்று உறுத்துகிறது. இந்த வாரம் அப்வொர்க்கில் ஒரு வாடிக்கையாளர் தாமாகவே அழைப்பு அனுப்பியிருக்கிறார்: தொழிலாளர் பாதுகாப்புக் கையேடு, 30 பக்கம், மலாயிலிருந்து தமிழுக்கு, மொத்தம் 50 டாலர். ஏற்கலாமா? இன்னும் விலையைக் குறைக்க வேண்டுமா? நான் அனுப்பிய விண்ணப்பம் ஒன்றை இணைத்துள்ளேன்.

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 300 வெள்ளி. நீங்கள் எதையும் இழக்கவில்லை. வேலை கொடுப்பவர் வேலை செய்பவரிடம் பணம் கேட்டால், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், காப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும், அது மோசடிதான். இதைப் படிப்பவர்களில் யாராவது அப்படிப் பணம் அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணை அழையுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு. அடையாள அட்டை எண் உள்ள சுயவிவரத்தையும் முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பாதீர்கள். மொழிபெயர்ப்பாளர்களின் விவரங்களைத் திருடி, அவர்கள் பெயரில் வேலை வாங்கி ஏமாற்றுவோர் இருக்கிறார்கள்.

விலைக்கு வருகிறேன். இன்னும் குறைத்தாலும் பதில் வராது, ஏனென்றால் உங்கள் சிக்கல் விலையில் இல்லை. கண்ணில் படும் வேலைகளுக்கெல்லாம் விண்ணப்பிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் இருக்கிறது. அப்வொர்க்கில் விண்ணப்பிக்கச் செலவாகும் ‘கனெக்ட்’ என்ற டோக்கன் ஒன்றின் விலை 0.15 டாலர், ஒரு வேலைக்கே பல கனெக்ட்கள் போய்விடும். ஆகவே யாருக்கு எழுதுவது என்று தேர்ந்தெடுப்பதுதான் இத்தொழிலின் முதல் வேலை. அதில் பெரும்பாலோர் ஐந்து நிமிடம்கூடச் செலவிடுவதில்லை.

ஒவ்வொரு வேலை அறிவிப்பின் ஓரத்திலும் வாடிக்கையாளரின் வரலாறு இருக்கிறது: பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டதா, இதுவரை எத்தனை வேலை அறிவித்தார், அவற்றில் எத்தனைக்கு உண்மையில் ஆள் எடுத்தார், மொத்தம் எவ்வளவு செலவிட்டார், முன்பு அவரிடம் வேலை செய்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள். இருபது வேலை அறிவித்து இரண்டுக்கு மட்டும் ஆள் எடுத்தவர் சந்தை விலையை விசாரித்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம். ஐம்பதுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்துவிட்ட வேலையில் உங்கள் கடிதம் திறக்கப்படும் வாய்ப்பே குறைவு. பழைய பணியாளர்களின் குறிப்புகளில் ‘திருத்தம் கேட்டுக்கொண்டே இருந்தார்’ என்ற புகார் திரும்பத் திரும்ப வந்தால், கட்டணம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விலகிவிடுங்கள். இப்படிச் சலித்து எடுத்தால் வாரத்துக்கு நான்கைந்து வேலைகள்தான் மிஞ்சும். அவை போதும், அவற்றுக்கு நன்றாக எழுதுவதற்கு நேரமும் கிடைக்கும்.

நீங்கள் இணைத்த விண்ணப்பத்தைப் படித்தேன். தொழிற்சாலைப் பாதுகாப்புக் காணொளி ஒன்றுக்குத் தமிழ் வசன வரிகள் எழுதும் வேலை அது. ‘நான் பினாங்கைச் சேர்ந்தவள், கணக்கியலில் டிப்ளோமா பெற்றவள், கடின உழைப்பாளி, ஒரு வாய்ப்பு அளித்தால் உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றுவேன்’ என்று தொடங்குகிறீர்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் காணொளியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வாடிக்கையாளர் பட்டியலைப் பார்க்கும்போது ஒவ்வொருவர் கடிதத்திலும் முதல் இரண்டு வரிதான் அவருக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தும் இடத்திலும் நான் இருந்திருக்கிறேன். இயந்திரத்தைக் கொண்டு எழுதிய ஒரே அச்சான விண்ணப்பங்கள் இப்போது வரிசையாக வந்து குவிகின்றன, அவற்றுக்கிடையே அறிவிப்பை உண்மையிலேயே படித்த ஒருவரின் வரி உடனே கண்ணில் படுகிறது.

அதே வேலைக்கு இப்படித் தொடங்கியிருக்கலாம்: ‘உங்கள் காணொளியில் பேசுபவர் வேகமாகப் பேசுகிறார். அதை அப்படியே தமிழாக்கினால் படித்து முடிப்பதற்குள் வரி மறைந்துவிடும். எனவே பொருள் குறையாமல் சுருக்கித் தருவேன். பார்க்கப்போகும் தொழிலாளர்கள் மலேசியத் தமிழர்களா, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களா? அதற்கேற்பக் கருவிகளின் பெயர்கள் மாறும்.’ தொழிற்சாலைக்குள் இருந்தவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார். உங்கள் அனுபவத்தைத் தனியாக எடுத்துச் சொல்லவே தேவையில்லாமல் போய்விடும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் புரொஃபைலில் ‘மொழிபெயர்ப்பு, தட்டச்சு, கணக்கு, தரவு உள்ளீடு’ என்று எல்லாவற்றையும் அடுக்கியிருப்பதாகத் தெரிகிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமானோர் இருக்கிறார்கள்; அவர்களோடு விலையில் போட்டியிட்டு நீங்கள் வெல்ல முடியாது, வெல்ல வேண்டியதும் இல்லை. மலாயும் தமிழும் ஒருசேர அறிந்தவர்களோ பெரும்பாலும் நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும்தான் இருக்கிறார்கள். அதோடு கணக்குப் பிரிவின் ஆவணங்களையும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் மிகச் சிலரே. அந்த ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்துவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஃபைவரில் வாடிக்கையாளர்தான் உங்களைத் தேடி வருகிறார் என்பதால் அங்கே தலைப்பிலேயே இது இருக்க வேண்டும். அத்தளம் உங்கள் வருமானத்தில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரிகள் இல்லையென்றால் பொது அறிவிப்பு ஒன்றை நீங்களாகவே மொழிபெயர்த்து, பயிற்சிக்காகச் செய்தது என்று குறிப்பிட்டு இணைக்கலாம். பழைய நிறுவனத்தின் ஆவணம் எதையும் தொடாதீர்கள்.

இலவச மாதிரி கேட்டால் ஒரு பத்தி செய்து தரலாம். இரண்டு மூன்று பக்கம் கேட்பவர் ஒரே ஆவணத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து முழுவதையும் இலவசமாக முடித்துக்கொள்ளப் பார்க்கிறாரோ என்று ஐயப்படுவது நியாயமே. அப்வொர்க்கில் மட்டும் அந்த ஒரு பத்தியும் வேண்டாம்; இலவச வேலை கேட்பதை அத்தளத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை.

பழகிய வாடிக்கையாளரே ‘கட்டணத்தை மிச்சப்படுத்தலாம், நேரடியாக வங்கியில் போட்டுவிடுகிறேன்’ என்றாலும் இணங்காதீர்கள். அப்வொர்க்கில் அறிமுகமானவரோடு இரண்டு ஆண்டுகள் அத்தளத்தின் வழியாகவே கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். மீறினால் கணக்கே முடக்கப்படலாம், பணம் வராவிட்டால் முறையிடவும் இடமிருக்காது.

இனி அந்தக் கையேடு. பக்கத்துக்கு 250 சொல் என்றாலும் 30 பக்கத்துக்கு 7,500 சொல் வரும். நிதானமாகச் செய்பவர் ஒரு நாளில் 2,000 முதல் 2,500 சொல் வரை மொழிபெயர்ப்பார். சரிபார்ப்பையும் சேர்த்தால் நான்கு நாள் வேலை. தளத்தின் கட்டணம் போக ஏறத்தாழ 45 டாலர் கைக்கு வந்தால், நாளுக்கு 11 டாலர், நம் பணத்தில் ஐம்பது வெள்ளிக்குள். மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்தாலே 65 வெள்ளிக்கு மேல் வருகிறது. பாதுகாப்புக் கையேட்டில் ஒரு சொல் பிசகினால் ஒருவருடைய விரல் போகலாம். அந்தப் பொறுப்புக்கு இது கூலியே அல்ல.

ஆனால் மறுத்துவிடாதீர்கள். அழைத்தவர் உங்கள் மொழி இணையைத் தேடி வந்திருக்கிறார், அதுவே நல்ல அறிகுறி. முதலில் அவருடைய வரலாற்றைப் பாருங்கள். சரியாக இருந்தால், கோப்பை அனுப்பச் சொல்லிச் சொற்களை எண்ணி, சொல்லுக்கு இவ்வளவு என்று உங்கள் கட்டணத்தை எழுதுங்கள். சொல்லுக்கு 3 சென்ட் என்று கேட்டால் 225 டாலர் வரும், தொடக்கத்துக்கு அது கூசிக் கேட்க வேண்டிய தொகை அல்ல. அது அதிகம் என்றால், முதல் அதிகாரத்தை மட்டும் அதே விகிதத்தில் ஒரு மைல்ஸ்டோனாக, அதாவது தனியே பணம் பெறும் ஒரு கட்டமாக, வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அதற்கான பணம் எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை தளத்தின் பொறுப்பில் இருக்கும் கணக்கில், போடப்பட்டுவிட்டதைத் திரையில் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். வேலையை ஒப்படைத்தபின் வாடிக்கையாளர் 14 நாள் வாய் திறக்காவிட்டாலும் அந்தப் பணம் உங்களுக்கு விடுவிக்கப்படும். முதல் அதிகாரத்துக்கும் அவர் இணங்காவிட்டால், நன்றி சொல்லி அழைப்பை மூடிவிட்டு அடுத்த அறிவிப்பைப் படியுங்கள்.

அன்புடன்.