ராத்திரி சாப்பிடாத சர்க்கரை காலையில் எங்கிருந்து வந்தது?

கேள்வி: எனக்கு வயது 58. சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரவு இரண்டு இட்லியோடு சரி. படுக்கும்போது 120 இருந்த சுகர், காலையில் வெறும் வயிற்றில் 148 காட்டுகிறது. நான் ராத்திரியில் எழுந்து எதையோ தின்கிறேன் என்று வீட்டுக்காரர் சந்தேகப்படுகிறார். இரவில் பட்டினி கிடந்து பார்க்கட்டுமா, டாக்டர்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். அந்தச் சர்க்கரையைக் கொடுத்தது உங்கள் கல்லீரல்தான்.

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கிறது கணையம். அதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கிறது. இடையிடையே சின்னச் சின்னத் திட்டுகளாகச் சில செல்கள் உண்டு. எல்லாம் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர் இவற்றை விவரித்தார். அதனால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தத் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புக்கும் அனுப்புவது, மிச்சத்தைக் கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்க்க வைப்பது எல்லாம் அதன் வேலை. இது எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே இருக்கும் ஆல்ஃபா செல்களை யாரும் கண்டுகொள்வதில்லை. அவை சுரக்கும் குளுக்ககான் நேர்எதிர்: வயிறு காலியானதும், 'சேமிப்பை எடுத்து விடு' என்று கல்லீரலுக்குச் சொல்லும். தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டுமே!

விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் இரண்டும் கூடும். கல்லீரல் இன்னும் கொஞ்சம் சர்க்கரையை விடும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு உடனே இன்சுலின் சுரந்து அதை அடக்கிவிடும். உங்களுக்கு அந்த இன்சுலின் போதவில்லை, அல்லது கல்லீரல் அதன் பேச்சைக் கேட்பதில்லை. பெரும்பாலும் இரண்டும்தான். மெட்ஃபார்மின் மாத்திரை முக்கியமாகக் கல்லீரலின் இந்தத் தாராளத்தைத்தான் குறைக்கிறது.

அதனால் பட்டினி வேண்டவே வேண்டாம். நீங்கள் சாப்பிடுவது இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையாக இருந்தால், இரவு உணவைத் தவிர்ப்பது ஆபத்து. நடு ராத்திரியில் சுகர் இறங்கி வியர்த்துக் கொட்டும், மயக்கமும் வரலாம். மெரினாவில் நடக்கப் போகிறவர்கள் சிபாரிசு செய்யும் 'கணையத்தைச் சுத்தம் செய்யும்' சாறும் வேண்டாம். சாப்பாட்டைக் குறைத்தே தீர வேண்டும் என்று உங்களை யாராவது மிரட்டினால், இரண்டு இட்லியில் எதைக் குறைப்பது என்று கேளுங்கள்!

இரண்டு மூன்று நாள் படுக்கும்போதும், விடியற்காலை மூன்று மணிக்கும், எழுந்ததும் சுகர் பார்த்துக் குறித்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். மூன்று மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.