உப்பளத்து ஊதாவும் வலையைத் தின்னாத நொதியும்: புரதம் பற்றிக் கேள்வி பதில்

வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளி: அக்கா, கோடையில் பாத்தித் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிறதே, அதிலிருந்து கம்ப்யூட்டர் சாமான் செய்யலாம் என்கிறான் என் மகன். நிஜமா?

நிஜம்தான் தம்பி, ஆனால் அந்தச் சிவப்பிலிருந்து இல்லை. உப்பு முற்றிய தண்ணீரில் ஹாலோபாக்டீரியம் வாழ்கிறது. (இன்றைய வகைப்பாட்டில் அது பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா என்ற தனி நுண்ணுயிர்ப் பிரிவு; பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது.) அதன் மேலுறையில் ஊதாத் திட்டுகளாக இருக்கிற பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதம்தான் சங்கதி. 1971ல் ஊஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கீனியஸ் என்ற விஞ்ஞானிகள் இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள். வெளிச்சம் பட்டால் ஊதா மஞ்சளாகி, ஒரு புரோட்டானை வெளியே தள்ளிவிட்டு, மில்லி நொடிகளில் மறுபடி ஊதாவாகும். இந்தப் புரதம் 248 அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. 96ஆவதாக இருக்கும் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை எடுத்துவிட்டு அஸ்பராஜினை வைத்தால் மஞ்சள் நிலை வெகுநேரம் நீடிக்கும். நீடித்தால் ஒளியாலேயே தகவலை எழுதிப் படிக்கும் படலம் செய்யலாம். ஒரே ஓர் இடத்தில் கை வைத்ததற்கு இவ்வளவு பலன்! பிரித்தெடுப்பதிலும் ஒரு வசதி உண்டு. நல்ல தண்ணீரில் போட்டால் செல் வெடித்துவிடும், ஊதாப் படலம் மட்டும் சிதையாது.

அவரே: அப்போ பாத்தித் தண்ணீரையே விற்கலாமா?

முடியாது. பாத்தியில் பல உயிர்கள் கலந்து கிடக்கும். வேண்டிய ரகத்தை ஆய்வகத்தில் தனியாக வளர்க்கிறார்கள்.

பாம்பன் மீனவர்: பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா கடலில் கிடக்கும் அறுந்த வலையைத் தின்னுமா?

தின்னாது அண்ணே. ஜப்பானின் சகாய் நகரில் கிடைத்து 2016ல் அறிவிக்கப்பட்ட இடியோனெல்லா என்ற பாக்டீரியாவின் நொதி (வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்), தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் எஸ்டர் பிணைப்பை வெட்டும். வலை செய்யும் நைலானில் இருப்பது அமைடு பிணைப்பு. 2022ல் வந்த மேம்படுத்திய நொதியும் பெட்டுக்குத்தான், அதுவும் 50 டிகிரிச் சூட்டில் நன்றாக வேலை செய்வது. ஆவுளியாவும் (கடல்பசு) ஆமையும் சிக்கும் வலையைக் கரைக்கு இழுத்துவருவதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி இல்லை.

மண்டபம் கல்லூரி மாணவி: இதில் நானோ எங்கே வருகிறது, மேடம்?

எஸ் அடுக்கைப் படிம்மா. பல பாக்டீரியாக்களின் வெளிப்புறத்தை ஒரே புரதம் தானாகச் சேர்ந்து வலைபோல் மூடியிருக்கும். கண்ணி 2 முதல் 8 நானோமீட்டர். பிரித்துவிட்டாலும் மறுபடி கூடிக்கொள்ளும். லைசினிபேசில்லஸ் ஸ்பெரிக்கஸ் என்ற பாக்டீரியாவின் புரதத்துக்குக் கால்சியம் இருந்தால் போதும். அதன் மரபணுவோடு, பயோட்டின் என்ற வைட்டமினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டவிடின் புரதத்தின் மரபணுவை ஒட்டினால், அடுக்கு முழுக்க ஒரே இடைவெளியில் ஸ்ட்ரெப்டவிடின் வரிசையாக நிற்கும். பயோட்டின் ஒட்டிய எந்த மூலக்கூறையும் அதில் மாட்டலாம், உணர்விகள் (சென்சார்கள்) செய்யலாம். வியன்னாவில் உவே ஸ்லைட்டரின் குழு இதில் நிறைய உழைத்திருக்கிறது. அவர்கள் கட்டுரைகளிலிருந்து ஆரம்பி.