குழந்தைகளின் பதற்றத்துக்குப் பேச்சுவழிச் சிகிச்சை தந்து செய்த ஆய்வு. அதன் ஆய்வேட்டில் "பாதிப்பு எதுவும் இல்லை" என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. பதற்றத்துக்கான சிகிச்சையில் கெடுதல் ஏதும் நேர்ந்ததா என்று எந்தக் குழந்தையிடமும் கேட்கவில்லை என்கிறீர்களே. அப்படியானால் "பாதிப்புத் தகவல் திரட்டப்படவில்லை" என்பதுதான் சரி.

மருந்து ஆய்வென்றால் பக்கவிளைவுப் படிவம் கூடவே வரும். பேச்சுவழிச் சிகிச்சையில், பேசினால் என்ன கெட்டுவிடும் என்ற நினைப்பில் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போதும் ஒன்று செய்யலாம். சராசரியை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு குழந்தையின் பதற்ற மதிப்பெண்ணையும் சிகிச்சைக்கு முன், பின் என்று பாருங்கள். சராசரி இறங்கியிருந்தாலும் சிலருக்கு ஏறியிருக்கலாம். சிகிச்சையிலிருந்து பாதியில் நின்றுபோன ஆறு குழந்தைகளின் அமர்வுக் குறிப்புகளைக் கட்டாயம் படியுங்கள்: தூக்கம் கெட்டது, மறுபடி படுக்கையை நனைத்தது, பள்ளிக்குப் போக மறுத்தது என்று ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். "நேரமில்லை" என்று பெற்றோர் சொன்ன காரணத்தை நான் அப்படியே நம்பமாட்டேன். தன்னைக் காயப்படுத்திக்கொண்டதாக ஒரு வரி இருந்தாலும் நெறியாளருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் இன்றே தெரிவியுங்கள், ஆய்வேடு காத்திருக்கட்டும்.

ஆனால் மோசமானதெல்லாம் சிகிச்சையால் வந்தது ஆகாது. பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் முறையில் ஆரம்பத்தில் பயம் கூடுவது சகஜம். என்ன நடந்தது, எப்போது, எவ்வளவு தீவிரம் என்பதை முதலில் எழுதுங்கள். காரணம் பற்றிய உங்கள் கணிப்பு தனியாக வரட்டும்.