மூளையில் இரும்பு: ஸ்கேன் என்ன சொல்லும்? ரேடியாலஜிஸ்ட் பதில்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து: அம்மாவுக்கு பார்க்கின்சன். ஹீமோகுளோபின் 8தான். ஆனால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் மூளையில் இரும்பு படிந்திருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா மேடம்?

நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் இரும்பு குறைவாக இருக்கும்போதே மூளையில் ஓரிடத்தில் கூடியிருக்கலாம். பார்க்கின்சனில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியில் இரும்பு கூடுவது பல காலமாகத் தெரிந்ததுதான். அம்மா விழுங்கிய மாத்திரை அங்கே போய்ப் படிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்தையும் இரும்பு மாத்திரையையும் மட்டும் ஒன்றாகக் கொடுக்க வேண்டாம், லெவோடோபா உடம்பில் சரியாகச் சேராது. 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தம் ஏன் குறைந்தது என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். அதுதான் இப்போது அவசரம்.

திருவொற்றியூரிலிருந்து: ஸ்கேனில் இரும்பை எப்படி அளக்கிறார்கள்?

எம்.ஆர்.ஐ. இரும்பை நேரடியாகப் பார்ப்பதில்லை. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனிலிருந்து வரும் சிக்னலைத்தான் பிடிக்கிறது. இரும்பு இருக்குமிடத்தில் காந்தப்புலம் குலைந்து சிக்னல் சீக்கிரம் மங்கும், படத்தில் கறுப்பாகத் தெரியும். கால்சியம் படிந்தாலும் கறுப்புதான். இரண்டும் காந்தப்புலத்தை எதிரெதிர்த் திசையில் மாற்றுவதால், கியூ.எஸ்.எம். என்ற முறையில் பிரித்துவிடலாம், எண்ணாகவும் கிடைக்கும். வழக்கமான ரிப்போர்ட்டில் வரும் ‘இரும்புப் படிவு’ பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொன்னது, அளந்து சொன்னதல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் பயந்துபோகின்றன.

இரும்பு எல்லோர் மூளையிலும் உண்டு. 1958-ல் ஹால்கிரென், சுராண்டர் இருவரும் இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சோதித்து வெளியிட்ட அளவுகளை இன்றும் ஒப்பிடப் பயன்படுத்துகிறோம். குளோபஸ் பாலிடஸ் பகுதியில் 100 கிராம் திசுவுக்குச் சுமார் 21 மில்லிகிராம். பெரியவர்களுக்கு அந்த இடம் கறுத்திருப்பது இயல்பே.

பெரம்பூரிலிருந்து: அந்த இரும்பை மருந்து கொடுத்து எடுத்துவிட முடியாதா?

முயன்று பார்த்தார்கள். டெஃபெரிப்ரோன் என்ற மருந்தை, லெவோடோபா தொடங்காத 372 பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். ஸ்கேனில் இரும்பு குறைந்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட நோய்க்குறிகள் மோசமாயின. படத்தில் கறுப்பு குறைவதும் ஆள் தேறுவதும் வேறு வேறு. ‘இரும்பை இறக்குகிறோம்’ என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வியாசர்பாடியிலிருந்து: ராத்திரி படுத்தால் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மூளை ஸ்கேன் எடுக்கட்டுமா அக்கா?

வேண்டாம்மா. இப்படிக் கால் துடிக்கும் பிரச்சினையில் மூளையில் இரும்பு குறைவாக இருப்பதுண்டு, ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச் சிகிச்சை பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

காசிமேட்டிலிருந்து: படகு வெல்டிங் வேலை. புகையிலிருக்கும் இரும்பு மூளைக்குப் போகுமா?

வெல்டிங் புகையில் மூளைக்கு முக்கியமாகப் பயப்பட வேண்டியது மாங்கனீசுக்கு. அது வேறு வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நடை, கை அசைவு மந்தமானால் நரம்பியல் டாக்டரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள் தம்பி. எம்.ஆர்.ஐ.க்குப் போனால் இன்னொன்று: கிரைண்டிங் செய்யும்போது எப்போதாவது கண்ணில் தூள் தெறித்திருந்தால், உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். உள்ளே தங்கிய சிறு இரும்புத் துணுக்கைக்கூடக் காந்தம் நகர்த்தினால் பார்வை போய்விடலாம்.